தண்ணி பில் திடீர்னு எகிறிடுச்சா? எந்த மாதிரி எகிறுச்சுன்னு பாத்து சரி பண்றது எப்படி (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

தருமபுரி டவுன்ல நெட் சென்டர் நடத்தறேன், வரி கட்டறது கரண்ட் பில் கட்டறது மனு அடிக்கறதுன்னு எல்லாம் கடையிலதான் நடக்கும், அதனால யாருக்கு எப்படி பாக்கி விழுந்துச்சுன்ற கதை தெனமும் காதுல விழும். அதுல தெரிஞ்சது என்னன்னா, நம்ம பக்கம் தண்ணி பில் எகிறுச்சுன்னா பாதி நேரம் அது தண்ணி அதிகமா செலவானதால இல்லீங்க. மீட்டரே இல்லாத கனெக்‌ஷன்தான் இங்க நெறைய, மாசத்துக்கு இவ்ளோன்னு ஒரே ரேட்டு, நீங்க ஒரு கொடம் புடிச்சாலும் அதே காசு நூறு கொடம் புடிச்சாலும் அதே காசு. அப்படி இருக்கறப்ப தொகை பெருசா வருதுன்னா ஒண்ணு அது பழைய பாக்கி, இல்ல வேற ஏதோ வரி இதோட சேந்து வந்திருக்கு, இல்லன்னா தண்ணிக்கு ஆன செலவு கரண்ட் பில்லுல போயி ஒளிஞ்சிருக்கு. இதுல எதுன்னு கண்டுபுடிக்காம நேரா கவுண்டர்ல போயி கத்துனா அவங்களும் கத்துவாங்க, வேலை ஆகாது.

அதனால முதல்ல கையில இருக்கற பேப்பர் என்ன பேப்பர்னு பாருங்க. நகராட்சின்னா சொத்து வரி, குடிநீர் கட்டணம், பாதாள சாக்கடை, குப்பைக் கட்டணம் எல்லாம் தனித்தனி தலைப்பு, தனித்தனி நம்பர். சொத்து வரி அரையாண்டு கணக்கு, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து மார்ச் ஒண்ணு. கடைசியில இருக்கற மொத்த தொகைய மட்டும் பாத்துட்டு "தண்ணிக்கு இவ்ளோவா"ன்னு வர்றவங்கதான் அதிகம், பிரிச்சு காட்டுனா தண்ணிக்கு கொஞ்சம்தான் இருக்கும், மிச்சம் எல்லாம் சொத்து வரி. நகராட்சி, மாநகராட்சிக்கு டிஎன் அர்பன் இபே தளத்துல நம்பர் போட்டு பாக்கலாம், கிராமம்னா ஊராட்சிக்கு விபி டாக்ஸ் தளம் தனியா இருக்கு. ரெண்டும் வேற வேற, நல்லம்பள்ளி பக்கம் ஊராட்சி வீட்டு நம்பர நகராட்சி தளத்துல போட்டுட்டு "என் வீடே காட்டல"ன்னு பயந்துடாதீங்க.

"பல வருஷ பாக்கி ஒரே நாள்ல வந்து நிக்குது"

இதுதான் நம்ம ஊர்ல நம்பர் ஒன் பிரச்சனை. முன்னாடி பில் கலெக்டர் வீட்டுக்கு வந்து வாங்கிட்டு போவாரு, அவரு மாறிட்டாரு, வீட்டுல இருந்தவங்க பெங்களூருக்கு வேலைக்கு போயிட்டாங்க, வீடு பூட்டியே கெடந்துச்சு, கனெக்‌ஷன் செத்துப்போன அப்பா பேர்ல இருக்கு, பில் யாருக்கும் வரல, ஆனா டிமாண்ட், அதாவது கட்ட வேண்டிய தொகை, மட்டும் மாசாமாசம் ஏறிகிட்டே இருந்துச்சு. தண்ணி புடிச்சீங்களா இல்லையான்றது அந்த கணக்குக்கு தெரியாது, கனெக்‌ஷன் இருக்கு அதனால காசு, அவ்ளோதான்.

உடனே கட்டாதீங்க, உடனே முடியாதுன்னும் சொல்லாதீங்க. ஆபீஸ்ல போயி வருஷ வாரியா டிமாண்ட் எவ்ளோ, வசூல் எவ்ளோ, பாக்கி எவ்ளோன்னு பிரிண்ட் கேளுங்க. அதை வச்சிகிட்டு வீட்டுல பழைய ரசீத தேடுங்க, பரண் மேல இருக்கற ட்ரங்கு பெட்டி, ரேஷன் கார்டு வச்சிருக்கற பிளாஸ்டிக் கவரு, சாமி படத்துக்கு பின்னாடி, எங்க வேணா இருக்கும். கையில எழுதி குடுத்த காலத்து ரசீது கம்ப்யூட்டர்ல ஏறாம விட்டுப்போனது நெறைய உண்டு, அந்த வருஷம் மட்டும் பிரிண்ட்ல வசூல் பூஜ்யம்னு காட்டும், ரசீது உங்க கையில இருக்கும், அத காட்டுனா கழிச்சே ஆகணும். ஒரு அம்மா ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு கொண்டாந்தாங்க, பழைய கார்பன் ரசீது எல்லாம் பளிச்சுனு படிக்க முடியுது, ஆனா மெஷின்ல அடிச்சு குடுத்த சின்ன சீட்டு அத்தனையும் வெள்ளையா வெளுத்துப்போயி கெடக்கு, தொகையும் தெரியல தேதியும் தெரியல. அந்த வழவழப்பு பேப்பர் சூட்டுல வெளுத்துடும், நம்ம ஊர் வெயிலுக்கு கேக்கவே வேணாம், அதனால வாங்குன அன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் இல்ல போன்ல ஒரு போட்டோ.

ரசீது நகல் வச்சு ஒரு லெட்டர் எழுதி தபால் பிரிவுல குடுத்து, உங்க நகல்ல சீல் வாங்கிக்கோங்க. வாய்ல சொல்லிட்டு வர்றது சொல்லாததுக்கு சமம். பதில் வரலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கு, மனு நம்பர் குடுப்பாங்க. 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரில பதியலாம். கணக்கு பிரிண்ட்டே தர மாட்டேன்றாங்கன்னா தகவல் உரிமை சட்டத்துல (ஆர்டிஐ) 10 ரூபா கட்டி கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். எனக்கு தெரிஞ்சு ஆர்டிஐ போடப்போறேன்னு சொல்றதுக்கும் போட்டுட்டு வந்து நிக்கறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு, போட்டுடுங்க.

புதுசா வீடு வாங்குனவங்களுக்கு வர்றது இதுல இன்னொரு ரகம். வில்லங்கம் போட்டு பாத்தோம் சுத்தமா இருந்துச்சேன்னு சொல்லுவாங்க. வில்லங்க சான்றுல தண்ணி பாக்கியும் வராது கரண்ட் பாக்கியும் வராதுங்க. பத்திரம் பதியறதுக்கு முன்னாடி குடிநீர், சொத்து வரி, இபி மூணுக்கும் கடைசி ரசீது கேட்டு வாங்கணும், வாங்குறவர் கையில அட்வான்ஸ் போக மிச்ச காசு இருக்கற வரைக்கும்தான் விக்கறவர் போன் எடுப்பாரு.

"கட்டியாச்சு, ஆனாலும் பாக்கி காட்டுது"

ரசீதுல இருக்கற நம்பரையும் உங்க குடிநீர் இணைப்பு நம்பரையும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்பாருங்க. பக்கத்து வீட்டு நம்பருக்கு கட்டிட்டு வந்தவங்க உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமா கம்முனு இருப்பாரு. இன்னொண்ணு, தண்ணிக்குன்னு நெனச்சு சொத்து வரி தலைப்புல கட்டியிருப்பாங்க. அப்பறம் பழைய பாக்கி இருந்தா கட்டுற காசு வழக்கமா அதுலதான் முதல்ல கழியும், அதனால இந்த வருஷத்துக்குன்னு கட்டுனது 3 வருஷத்துக்கு முன்னாடி கணக்குல போயி உக்காந்திருக்கும், காசு எங்கயும் போகல.

போன்ல கட்டும்போது அக்கவுண்ட்ல காசு போயி ரசீது வரலன்னா அன்னிக்கே திரும்ப கட்டாதீங்க. பேங்க் மெசேஜ்ல யுடிஆர் நம்பர்னு ஒண்ணு இருக்கும், அத எழுதி வச்சுக்கோங்க, ஃபெயில் ஆகியிருந்தா காசு திரும்ப வந்துடும், வராம ரசீதும் வராம இருந்தா அந்த நம்பர வச்சுதான் பேங்க்லயும் ஆபீஸ்லயும் கேக்க முடியும்.

"மீட்டர் இருக்கு, இந்த மாசம் டபுள் ஆயிடுச்சு"

ஓசூர் பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இது அதிகம். மீட்டர் முகத்துல கருப்பு நம்பர் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் கணக்கு, செவப்பு நம்பரும் செவப்பு முள்ளும் அதுக்கு கீழ வர்ற லிட்டர் கணக்கு. செவப்பையும் சேத்து படிச்சு பில் போட்டு வச்சிருக்காங்களான்னு முதல்ல பாருங்க, சிரிக்காதீங்க, நடக்குது.

கணக்கு தோராயமா சரியான்னு பாக்கணும்னா, நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு திட்டம் போடுவாங்க, நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர், மாசத்துக்கு 16 கிலோலிட்டர் சொச்சம். அத விட ரொம்ப மேல போச்சுன்னா எங்கயோ ஒழுகுது.

வீட்டுல இருக்கற எல்லா கொழாயையும் மூடிட்டு, மீட்டர்ல சின்னதா ஒரு நட்சத்திர சக்கரம் இருக்கும் பாருங்க, அத உத்து பாருங்க. யாரும் தண்ணி புடிக்கல, ஆனா அது மெதுவா சுத்துதுன்னா லீக்கு. மேல் டேங்க்ல இருந்து வர்ற மீட்டர்னா எப்ப வேணா பாக்கலாம், நேரடி லைன் மீட்டர்னா தண்ணி விடற நேரத்துல மட்டும்தான் இந்த சோதனை செல்லும். அது ரொம்ப நாள் கழிச்சு தண்ணி விடற லைன்னா இன்னொரு வம்பு, முதல்ல பைப்ல இருக்கற காத்து வேகமா வரும், அதுக்கும் மீட்டர் சுத்தும்.

லீக்கு பெரும்பாலும் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்லதான். துணிக்கு போடற உஜாலா நாலு சொட்டு ஃப்ளஷ் டேங்க்குள்ள விட்டுட்டு யாரும் அந்த பக்கம் போகாம ஒரு அரை மணி நேரம் விடுங்க. கீழ கோப்பையில நீலம் இறங்கியிருந்தா உள்ள இருக்கற ரப்பர் வாஷர் போச்சு. சத்தமும் கேக்காது கண்ணுக்கும் தெரியாது, கோப்பை ஓரமா மயிரிழை மாதிரி ஓடிகிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்னு வச்சாலே நாளைக்கு 144 லிட்டர், மாசம் நாலாயிரத்து சொச்சம் லிட்டர் போகுது, மாத்தற வாஷர் சல்லி காசு. அடுத்து சம்ப். ராத்திரி சம்ப் சுவத்துல தண்ணி மட்டத்துக்கு சாக்பீஸ் கோடு போடுங்க, மோட்டார் போடாம, உள்ள வர்ற வால்வ மூடிட்டு காலையில பாருங்க. ஆறடிக்கு அஞ்சடி சம்ப்னா ஒரு இஞ்ச் எறங்குனாலே 70 லிட்டர் போச்சு.

எதுவும் ஒழுகலன்னா மீட்டர சோதிங்க. எல்லார் வீட்டுலயும் 20 லிட்டர் கேன் இருக்கும், அத அஞ்சு தடவை ரொப்புங்க, நூறு லிட்டர். மீட்டர் நூறு ஓடியிருக்கணும், 120, 130ன்னு காட்டுதுன்னா வீடியோ எடுத்து அசோசியேஷன்லயோ ஆபீஸ்லயோ காட்டி மீட்டர மாத்த சொல்லுங்க.

"தண்ணி பில் அப்படியே இருக்கு, கரண்ட் பில் தூக்கிடுச்சு"

இத யாரும் தண்ணி பிரச்சனைன்னே நெனைக்க மாட்டாங்க. ஃபிரிட்ஜ சந்தேகப்படுவாங்க, பையன் ஏசி போட்டான்னு திட்டுவாங்க. நம்ம பக்கம் போர் எல்லாம் ஆயிரம் அடி போகுது, மோட்டார் 3 ஹெச்பி 5 ஹெச்பி. ஒரு ஹெச்பி ஒரு மணி நேரம் ஓடுனா கிட்டத்தட்ட ஒரு யூனிட்னு வச்சுக்கோங்க, 3 ஹெச்பி தெனம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட், அதாவது 2016ல வந்த 100 யூனிட் இலவசம் மோட்டார்லயே முடிஞ்சு மேல 80 போயிடுது.

டேங்க் ரொம்ப முன்னாடி எவ்ளோ நேரம் ஆச்சு இப்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க. முன்னாடி 20 நிமிஷம், இப்ப முக்கா மணி நேரம்னா போர்ல தண்ணி எறங்கிடுச்சு, இல்ல உள்ள பைப்ல ஓட்டை, இல்ல மோட்டார் தேஞ்சிடுச்சு. கோடையில எறங்கறது சகஜம், ஐப்பசி மழைக்கு அப்பறமும் அப்படியே இருந்தா மெக்கானிக்க கூப்புடுங்க. டேங்க்ல மிதவை வால்வு கெட்டு ஓவர்ஃப்ளோ ஆகறதும் இதே கணக்குதான், மாடியில கொட்டுற தண்ணி காச ரெண்டு தடவை புடுங்குது.

500 யூனிட்ட மட்டும் தாண்ட விடாதீங்க. 500க்குள்ள இருந்தா ரெண்டாவது நூறுக்கு கெடைக்கற சலுகை ரேட்டு தாண்டுனா போயிடும், 498க்கும் 505க்கும் யூனிட் வித்தியாசம் ஏழுதான், பில் வித்தியாசம் சுருக்குனு கடிக்கும்.

மோட்டார், வயரிங் எல்லாம் சரி, பில்தான் தப்புன்னு தோணுனா செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக்குடுத்து மீட்டர் டெஸ்ட் கேளுங்க, ஃபீஸ் உண்டு. அதுவரைக்கும் கட் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருந்தா மின்சார சட்டம் 2003ல 56வது பிரிவ தெரிஞ்சு வச்சுக்கோங்க. பில்ல எதுத்து சண்ட போட்டுகிட்டு இருக்கும்போது, கேட்ட தொகைய இல்லன்னா போன ஆறு மாச சராசரிய, ரெண்டுல எது கம்மியோ அத ஆட்சேபணையோட கட்டுறேன்னு எழுதி கட்டுனா, பிரச்சனை முடியற வரை கட் பண்ணக்கூடாது. ரெண்டு வருஷத்துக்கு மேல பழைய பாக்கி, அத பில்லுல தொடர்ந்து காட்டியே வரலன்னா அதுக்காக இப்ப லைன புடுங்க முடியாதுன்றதும் அதே பிரிவுலதான் இருக்கு. புகாருக்கு மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், நம்பர் 94987 94987, பதிவு நம்பர கேட்டு வாங்குங்க.

"இன்னிக்கு ராத்திரி 9.30க்கு கரண்ட் கட், உடனே இந்த நம்பருக்கு கூப்புடுங்க"

ஃபிராடு. சாதா மொபைல் நம்பர்ல இருந்து வர்ற மெசேஜ், ஆப் ஒண்ணு ஏத்த சொல்லுவான், பத்து ரூபா மட்டும் கட்டுன்னு சொல்லுவான், ஆப் ஏத்துன உடனே உங்க போன் ஸ்க்ரீன் அவனுக்கு தெரியும். காசு போயிடுச்சுன்னா யோசிக்காம சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க.

"தண்ணியே வரல, பில் மட்டும் வருது"

2013 மே மாசம் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் தொறந்த பிறகு நெறைய தெருவுக்கு காவிரி தண்ணி வந்துச்சு, ஜப்பான் கடன்ல கட்டுன திட்டம் அது. ஆனா பைப் கடைசி முனையில இருக்கற வீட்டுக்கு பிரஷர் வராது, முன்னாடி வீட்டுக்காரங்க லைன்ல மோட்டார் வச்சு உறிஞ்சறது பாதி காரணம், அது சட்டவிரோதம், புடிச்சா மோட்டாரும் போகும் கனெக்‌ஷனும் போகும். தண்ணி வரலன்னு பில் கட்டாம விட்டா நீங்கதான் பாக்கிதாரர் ஆவீங்க. என்னிக்கு வந்துச்சு எத்தன கொடம் வந்துச்சுன்னு காலண்டர்லயே குறிச்சு வச்சு, தெருவுல நாலஞ்சு வீடு சேந்து கையெழுத்து போட்டு மனு குடுங்க. டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க, எந்த வால்வு அடைச்சிருக்குன்னு அவருக்குதான் தெரியும்.

"வாடகை வீடு, இது யார் தலையில?"

அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்கோ அது. தண்ணி வரி வாடகையில சேந்ததா தனியான்னு ஒரு வரி எழுதாம விட்டதாலதான் காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிக்கற சண்டையே வருது. ஒண்ணும் எழுதலன்னா தமிழ்நாடு வாடகை சட்டம் 2017 அட்டவணைப்படி கொழாய், வாஷர் மாத்தறது குடியிருக்கறவங்க, பைப் லைன் மாத்தறது ஓனர். பாக்கிய காரணம் காட்டி ஓனர் தண்ணியையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது, நிறுத்துனா வாடகை அதிகாரிகிட்ட மனு போடலாம். குடி போற அன்னிக்கு ஓனர் அண்ணனையும் வச்சுகிட்டே இபி ரீடிங்க ஒரு போட்டோ எடுத்துடுங்க.

"தொகை சரிதான், ஆனா ஒரேடியா கட்ட முடியாது"

கடன் வாங்கி கட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, வட்டிய ஒப்பிட்டு பாருங்க. சொத்து வரி தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம், அதாவது நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. வெளிய கைமாத்து வாங்குனா நூத்துக்கு மூணு ரூபா அஞ்சு ரூபா, வாரக்குழு கடன்னா இன்னும் வம்பு, வாராவாரம் வாசல்ல வந்து நிப்பாங்க. நூத்துக்கு ஒரு ரூபா கடன அடைக்க நூத்துக்கு அஞ்சு ரூபா கடன் வாங்கறது கணக்குக்கே ஆகாது.

முதல்ல கரண்ட், ஏன்னா அதத்தான் சீக்கிரம் கட் பண்ணுவாங்க, கரண்ட் போனா மோட்டாரும் போச்சு தண்ணியும் போச்சு. அடுத்து குடிநீர், ஏன்னா ரோட்ட தோண்டி கட் பண்ணிட்டாங்கன்னா திரும்ப சேக்க பாக்கியோட இணைப்பு செலவும் ரோடு வெட்டுற காசும் சேரும். சொத்து வரி கடைசி. ஆபீஸ்ல தவணை கேட்டு எழுதிக்குடுங்க, எழுதும்போதே கையில இருக்கறத முதல் தவணையா கட்டிட்டு அந்த ரசீத சேத்து வைங்க, வெறும் லெட்டருக்கும் காசு கட்டுன லெட்டருக்கும் கெடைக்கற மரியாதையே வேற. தேசிய லோக் அதாலத் (சமரசமா பேசி முடிக்கற கோர்ட்) நடக்கும்போது தண்ணி, கரண்ட் பாக்கி கேஸும் எடுப்பாங்க, மாவட்ட கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, கோர்ட் ஃபீஸ் கிடையாது.

லாரிக்காரர், கேன் தம்பி பாக்கி தனி. அதுக்கு ரசீதே கிடையாது, அவங்க நோட்டுல எழுதறதுதான் கணக்கு, அதனால நீங்களும் ஒரு நோட்டு போடுங்க. கேன் திரும்ப குடுத்ததையும் எழுதுங்க, கேன் டெபாசிட்லதான் முக்காவாசி தகராறு.

"வெறுத்துப்போச்சு, கனெக்‌ஷனே வேணாம், போர் தண்ணி போதும்"

போர் வச்சிருக்கறவங்க இத அடிக்கடி சொல்லுவாங்க. துணி துவைக்க, மாடு கழுவ போர் தண்ணி சரி, குடிக்க சமைக்க யோசிங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் திட்டமே ஃப்ளோரோசிஸ்ன்ற ஃப்ளோரைடு நோய தடுக்கறதுக்குன்னு சேத்து போட்டதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா கொழந்தைங்க பல்லு மஞ்சளா பழுப்பா மாறும், வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு மூட்டு புடிச்சுக்கும். கொதிக்க வச்சா போகாது, தண்ணி சுண்டி இன்னும் அடர்த்திதான் ஆகும். ஆர்ஓ மெஷின் போட்டா ஃபில்டர் செலவு, வெளிய கொட்டுற தண்ணி, கரண்ட் எல்லாம் சேத்து பாருங்க, நகராட்சி கட்டணத்த விட எங்கயோ மேல நிக்கும்.

அப்பவும் வேணாம்னு முடிவு பண்ணீங்கன்னா பைப்ப நீங்களே எண்ட் கேப் போட்டு மூடிட்டு சும்மா இருந்துடாதீங்க. பாக்கிய முடிச்சு, துண்டிக்க சொல்லி எழுத்துல குடுத்து, ஃபிட்டர் வந்து ரோட்டுல கட் பண்ணிட்டு போன தேதி ரெஜிஸ்டர்ல ஏறுச்சான்னு பாத்து, டெபாசிட்ட கேட்டு வாங்கிட்டு, அடுத்த அரையாண்டு தொறந்ததும் ஒரு தடவை தளத்துல நம்பர போட்டு டிமாண்ட் நின்னுடுச்சான்னு பாருங்க.